அயர்லாந்துப் பாணும் நம் வீட்டுத் தயிரும்

பாண் என்பது கடையில் வாங்கும் பொருள். வீட்டில் ஆக்கும் பொருளன்று. நம் நாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் வேரூன்றிவிட்ட எண்ணம் இது. பிட்டும் இடியப்பமும் அப்பமும் தோசையும் நாள்தோறும் சலியாது ஆக்கும் கைகள், பாண் என்றவுடன் பின்வாங்குகின்றன. போர்த்துக்கேயர் தந்த பெயரோடு வந்து, நமது காலையுணவிலும் இரவுணவிலும் பெரும்பங்கைத் தனதாக்கிக்கொண்ட இவ்வுணவு, நம் அடுக்களைக்குள் மட்டும் இன்னும் கால் வைக்கவில்லை. பீதோவனின் இசைத்துணுக்கை ஒலித்துக்கொண்டு தெருவில் வரும் முச்சக்கரவண்டிக்குக் காது கொடுத்துக் காத்திருக்கிறோம். வண்டி வாராத நாளில் என் செய்வது என்ற வினா 2022இல் எழுந்தது. எரிவாயுவும் கோதுமை மாவும் கிடைத்தற்கரியனவாகி, வெதுப்பகங்கள் பல கதவடைத்த அம்மாதங்களில், கையில் இரண்டு இறாத்தல் மா கிடைத்த வீட்டிற்கூட, றொட்டியன்றி வேறு வழி தெரியாதிருந்தது.

தயக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. பாணுக்கு ஈஸ்ற் வேண்டும், குழைத்த மா பொங்கும்வரை காத்திருத்தல் வேண்டும், போறணை வேண்டும். சைவ ஆசாரம் பேணும் வீடுகளிலோ இவற்றுக்கு மேலும் ஒரு தடையுண்டு. போறணையில் வெந்த பண்டம் எதுவாயினும் அதில் முட்டை சேர்ந்திருக்கும் என்ற ஐயமே அது.

அயர்லாந்தில் தாதியாகப் பணிபுரியும் என் பழைய மாணவி ஒருவர் அனுப்பிய கடிதத்தில் இவ்வளவு தடைகளுக்கும் ஒரே விடை இருந்தது. "சேர், இந்தப் பாணுக்கு முட்டையும் வேண்டாம், ஈஸ்ற்றும் வேண்டாம். உங்கள் வீட்டுப் புளித்த தயிர் போதும்" என்று எழுதியிருந்தார். கோதுமை மா, உப்பு, அப்பச் சோடா, மோர் ஆகிய நான்கே பொருள்கள். அந்நாட்டார் இதனைச் சோடாப் பாண் என வழங்குகின்றனர்.

செய்முறைக்குப் புகுமுன் இதன் வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும். சோடாப் பாணை அயர்லாந்தின் தொன்மையான உணவு என்று கூறுவோர் உளர். தொன்மை என்னும் சொல்லை நாம் சற்றுச் சிக்கனமாகவே வழங்கவேண்டும். நம் கறிகளுக்குக் காரமூட்டும் மிளகாயே போர்த்துக்கேயர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததன்றோ! சோடாப் பாணின் வயது இரண்டு நூற்றாண்டுகளுக்கு உட்பட்டதே. அப்பச் சோடா மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபின்னரே அது பிறந்திருக்க முடியும். 1791இல் பிரெஞ்சு வைத்தியரான நிக்கொலா லெபிளாங் என்பவர், கறியுப்பிலிருந்து சோடாவைப் பெறும் முறைக்கு உரிமை பெற்றார். அம்முறை தொழிற்சாலைகளிற் பரவிய பின்னரே சோடாவும் அதன் வழிப்பொருள்களும் ஏழைகளின் அடுக்களையை எட்டின. அயர்லாந்தில் 1830களிலிருந்து சோடாப் பாண் பற்றிய பேச்சு எழுகின்றது. பாட்டிமாரின் கைப்பக்குவம் என்று போற்றப்படும் ஓர் உணவு உண்மையில் இரசாயனத் தொழிற்சாலையின் குழந்தை என்பதை எண்ணும்போது வியப்பாயிருக்கிறது.

இக்குழந்தை அந்நாட்டில் வளர்ந்ததற்கு மண்ணும் காலநிலையும் துணைநின்றன. குளிரும் ஈரமும் மிக்க அந்நாட்டில் விளையும் கோதுமை மென்மையானது. அதில் குளூட்டன் எனப்படும் பசைப்புரதம் குறைவு. ஈஸ்ற் கொண்டு பொங்கவைக்கும் பாணுக்கு, இழுபட்டாலும் அறுபடாத மா வேண்டும். அயர்லாந்தின் மா அதற்கு ஏற்றதன்று. சோடாவோ அத்தகைய வலிமையை வேண்டுவதில்லை. வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற நாடாதலால் மோருக்கும் குறைவில்லை. பாலாடையைச் சில நாள் புளிக்கவிட்டுக் கடைவது அவர்களின் பழைய வழக்கம். வெண்ணெய் சந்தைக்குப் போகும். புளித்த மோர் வீட்டில் எஞ்சும்.

அந்நாட்டின் ஏழைகள் முன்னர் பாணை நம்பி வாழ்ந்தவரல்லர் என்பதையும் சொல்லவேண்டும். உருளைக்கிழங்கும் மோருமே அவர்களின் மூன்று வேளையுணவு. தானியம் விளைந்தது, ஆயினும் அது பெரும்பாலும் நிலக்கிழாருக்குச் செலுத்தும் குத்தகைக்கும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதிக்கும் உரியதாயிருந்தது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளுள் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பசியாலும் பிணியாலும் மாண்டனர். அத்தொகையினரே கப்பலேறி நாட்டைவிட்டு அகன்றனர். மக்கள் மடிந்துகொண்டிருந்த அவ்வாண்டுகளிலும் துறைமுகங்களிலிருந்து உணவுப்பொருள்கள் ஏற்றுமதியாயின என்பது சரித்திரம் மறவாத செய்தி. ஒரே பயிரை நம்பியிருந்த வாழ்வு அவ்வாறு குலைந்த பின்னர், அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் கடையில் வாங்கிய மாவும் சோடாவும் தேநீரும் எளியவர் வீடுகளில் இடம்பெற்றன.

அவ்வீடுகளில் போறணை கிடையாது. சதுப்பு நிலத்து மண்ணை வெட்டிக் காயவைத்து எரிக்கும் திறந்த அடுப்பொன்றே உண்டு. அதன்மேல் மூன்று காலுள்ள இரும்புச் சட்டியைத் தொங்கவிட்டு, மாவை அதனுள் வைத்துத் தட்டையான மூடியால் மூடி, மூடியின்மேலும் தணலைப் பரப்புவர். பாஸ்டிபில் என்பது அச்சட்டியின் பெயர். வடபகுதியினரோ வட்டமாகத் தட்டிய மாவை நான்காக வெட்டித் தோசைக்கல்லை ஒத்த இரும்புத் தகட்டில் இருபுறமும் வாட்டி எடுப்பர்.

இனி, சோடா செய்யும் வேலையைப் பார்ப்போம். மாணவர்கள் இப்பகுதியைச் சற்றுக் கருத்தூன்றிப் படிப்பார்களாக. அப்பச் சோடா என நாம் கூறுவது சோடியமிருகாபனேற்று. புளித்த மோரில் இலத்திக்கமிலம் உண்டு. இரண்டும் சேர்ந்தவுடன் காபனீரொட்சைட்டு வாயு வெளிப்படுகின்றது. ஒரு தேக்கரண்டிச் சோடாவிலிருந்து ஏறத்தாழ ஒரு லீற்றர் வாயு பிறக்கக்கூடும். மாவினுள் அகப்பட்ட அவ்வாயுக் குமிழிகள் சூட்டினால் விரிய, மா உப்புகின்றது. சுற்றியுள்ள மா வெந்து இறுகுவதால் குமிழிகளின் இடம் துளைகளாக நின்றுவிடுகின்றது. ஈஸ்ற் பல மணிநேரம் இருந்து செய்யும் வேலையைச் சோடா சில கணத்தில் தொடங்கிவிடுகின்றது. அதனாலேயே, நனைத்த மாவைக் காத்திருக்கவிடல் ஆகாது. புளித்த அப்பமாவில் கடைசி வேளையில் ஒரு சிட்டிகை சோடா இடும் நம் பெண்மணிகள் இதே தத்துவத்தைத் தலைமுறைகளாகக் கையாண்டு வருகின்றனர். ஆதலின் இச்செய்முறை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

எங்கள் வீட்டில் இதனைச் செய்தது ஒரு சனிக்கிழமை மாலையில். நான் கடிதத்தை வாசிக்க, என் துணைவி செய்தார். அடுக்களைப் படியில் பலகையிட்டு என் தாயார் அமர்ந்திருந்தார். எண்பது வயதைக் கடந்த அவர், தம் வாழ்நாளில் கேக் ஒரு துண்டேனும் உண்டவரல்லர். நத்தாருக்கு அயல்வீட்டுக் கிறித்தவ அன்பர் அனுப்பும் தட்டை இரு கைகளாலும் ஏற்று, அவர்களை மனமார வாழ்த்திப் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, தாம் வெறுந் தேநீரோடு அமர்ந்திருப்பார். கடைப் பாணையும் தொடுவதில்லை. "தட்டுக்கு என்னத்தைப் பூசுகினமோ, ஆர் கண்டது?" என்பார். நாங்கள் பாண் உண்ணும் இரவுகளில் அவருக்கென்று தனியாக அடுப்பு மூட்டவேண்டும். மருமகளுக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்க விரும்பாது, பசியில்லை என்று சொல்லிப் படுத்துவிடும் இரவுகளும் உண்டு. அவர் சொல்வது மெய்யன்று என்பதை நாங்கள் இருவரும் அறிவோம்.

கோதுமை மா 450 கிராம். ஏறத்தாழ மூன்றரைக் கோப்பை. இதனுடன் மட்டமான ஒரு தேக்கரண்டி உப்பும், மட்டமான ஒரு தேக்கரண்டி அப்பச் சோடாவும் சேர்த்து அரிதட்டில் இரண்டுமுறை அரித்தல் வேண்டும். சோடா கட்டியாகக் கிடந்தால் பாணில் மஞ்சட் புள்ளிகள் தோன்றிக் கசக்கும். நாம் குடிக்கும் நீர்மோர் இதற்குப் போதாது. இரண்டு நாள் வைத்துப் புளித்த தயிர் 300 மில்லிலீற்றருக்கு 100 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு நன்றாக அடித்துக்கொண்டால், அயர்லாந்தாரின் மோருக்கு ஒப்பான பதம் வரும். எருமைத் தயிராயின் இன்னுஞ் சிறிது தண்ணீர் கொள்ளும். புளியாத தயிரை இட்டால் சோடாவுக்கு வேலையில்லாது போய்ச் சவர்க்கார வாடை வீசும்.

மாவின் நடுவே குழி செய்து, தயிரை ஏறக்குறைய முழுவதும் ஊற்றி, விரித்த விரல்களால் வட்டமாகக் கலக்கவேண்டும். இங்கேதான் நம்மவருக்குச் சோதனை. றொட்டிக்குக் குழைத்துப் பழகிய கை, மாவைக் கண்டால் அழுத்திப் பிசையவே விழையும். பிசையக்கூடாது. பிசைந்தால் பசைப்புரதம் இறுகிப் பாண் கல்லாகும். "இஞ்சாருங்கோ, இது கையிலெல்லாம் ஒட்டுதே, இன்னும் கொஞ்ச மா போடட்டோ?" என்று துணைவி கேட்டார். கடிதத்தில் மாணவி அதற்கும் விடை எழுதியிருந்தார்: ஒட்டவேண்டும்; ஒட்டாவிட்டால்தான் பிழை. ஒரு நிமிடத்துக்குள் கலந்து, மாத்தூவிய பலகையிற் கவிழ்த்து, ஒன்றரை அங்குல உயரமுள்ள வட்டமாகத் தட்டி, நடுவே சிலுவை வடிவில் ஆழமாகக் கீறவேண்டும். தேவதைகள் வெளியேற வழிவிடும் கீறல் அது என அயர்லாந்துக் கிழவியர் கூறுவராம். சூடு நடுப்பகுதிக்குப் புகவும் நான்கு துண்டாக எளிதில் பிய்க்கவும் அது உதவுகின்றது என்பது நம் கண்ணுக்குத் தெரியும் காரணம்.

முன்னரே நன்கு சூடாக்கிய போறணையில் 230 பாகை செல்சியசில் 15 நிமிடமும், 200 பாகையில் மேலும் 30 நிமிடமும் வேகவேண்டும். வெந்த பாணைப் புரட்டி அடியில் விரலால் தட்டினால், வெற்றுப் பானையைத் தட்டுவதுபோன்ற ஒலி கேட்கும். மந்தமான ஒலியாயின் ஐந்து நிமிடம் திரும்ப வைத்தல் வேண்டும். வெளியே எடுத்துத் துணியிற் சுற்றி ஆறவிட்டால் மேற்றோல் மென்மையாகும். சுடச்சுட வெட்டினால் உள்ளே களியாகும்.

பிள்ளைகளுக்கோ அத்துணைப் பொறுமை ஏது? அரைமணிநேரம் அவர்களை அடக்கிவைப்பதே பெரும்பாடாயிற்று. துணைவி நான்கு பங்காகப் பிய்த்து, முதற் பங்கைச் சம்பலோடு தட்டில் வைத்துத் தாயாரிடம் நீட்டினார்.

"இதுக்குள்ளை முட்டை கிடக்கோ, தம்பி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தொடக்கத்திலிருந்து நீங்கள்தானே அம்மா பார்த்துக்கொண்டு இருந்தனீங்கள்" என்றேன்.

சிறு துண்டு கிள்ளி வாயிலிட்டார். இரண்டாவது துண்டைச் சம்பலில் தொட்டுக்கொண்டார். "றொட்டியும் இல்லை, பாணும் இல்லை. ஆனால் நல்லாய்த்தான் கிடக்கு" என்றார். பின்னர் நெடுநேரம் யோசித்து, "அந்தச் சனத்துக்குச் சம்பல் கிடைக்குதோ?" என்று வினவினார். அவர்கள் வெண்ணெய் பூசி உண்பர் என்றேன். அவர் அவர்களுக்காக உண்மையாகவே இரங்கினார். அன்றிரவு அவருக்கெனத் தனியடுப்பு மூட்டப்படவில்லை.

போறணை இல்லாதோர் மனந் தளரவேண்டியதில்லை. பாஸ்டிபில் சட்டியின் முறை நமக்குப் புதிதன்று. மேலும் கீழும் சிரட்டைத் தணலிட்டு வேகவைக்கும் வழக்கம் இந்நாட்டிலும் உண்டு. கனத்த சட்டியின் அடியில் ஓரங்குலத்துக்கு உலர்ந்த மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியையும் சேர்த்து முதலிற் சூடேற்றிக்கொள்ளவேண்டும். பின்னர் கீழே ஒரு பங்கு தணலும் மூடிமேல் இரண்டு பங்கு தணலுமாக முக்கால் மணிநேரம் வைத்தால் போதும். எரிவாயு இல்லாத நாளிலும் இது கைகொடுக்கும்.

முதன்முறை செய்வோர் சீனி, முந்திரிகை வத்தல், ஏலம் முதலியவற்றைச் சேர்க்க ஆசைப்படுவர். அமெரிக்கா சென்ற அயர்லாந்தாரின் வழித்தோன்றல்கள் முட்டையும் வெண்ணெயும் சீனியும் சேர்த்து அதனைக் கேக்காகவே ஆக்கிவிட்டனர். பிறர் வீட்டு உணவை ஒருமுறையேனும் அவர்கள் உண்டபடியே உண்டுபார்த்தல் நல்லது என்பது என் கருத்து. அதன்பின் நம் விருப்பம். ஆட்டா மாவைப் பாதிக்குப் பாதி கலந்தால் மணமும் சத்தும் கூடும். அயர்லாந்தாரும் தவிட்டு மா கலந்து செய்வதுண்டு.

இப்பாண் நெடுநாள் நில்லாது. செய்த அன்று உண்பதே சிறப்பு. மறுநாள் வாட்டி உண்ணலாம். மூன்றாம் நாளுக்கு வைத்தல் வேண்டா. சோடாவின் அளவு சரியா என்று அறிய விரும்பும் மாணவர்கள், ஒரு துண்டின் வெண்மையான உட்பகுதியில் சிறிது மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துத் தடவிப் பார்க்கலாம். மஞ்சள் மஞ்சளாகவே நின்றால் காரம் மிகவில்லை என்று கொள்ளலாம். செந்நிறமாக மாறினால், அடுத்த முறை சோடாவைக் கால் தேக்கரண்டி குறைத்து, தயிரை இன்னும் ஒருநாள் புளிக்க விடுக.