யூசிஎல்ஏவின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார்? ஒரு எக்ஸெல் ஷீட்டில் நான் செய்த தப்பு

எங்கள் டீமில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வேலை பார்க்கும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். வாராந்திர வீடியோ காலில் மற்றவர்கள் வந்து சேரும்வரை அவரும் நானும் கூடைப்பந்து பேசுவோம். ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டு வைத்தேன்: "யூசிஎல்ஏ வரலாற்றிலேயே பெரிய ஆட்டக்காரர் யாருங்க?" அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளே வந்த ஒருவர், "இதுல என்ன சந்தேகம், அல்சிண்டர்தான்" என்றார். இன்னொருவர், "அப்போ வால்டன் என்ன தொக்கா?" என்றார். கால் முடிந்தது, சண்டை முடியவில்லை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தச் சண்டையைப் பார்த்தாலும் ஒரு எக்ஸெல் ஷீட் திறந்துவிடுவேன். அப்படித் திறந்த ஷீட்டின் கதைதான் இது. யார் பெரியவர் என்ற விடையைவிட, அந்த விடை எப்படி உருவாகிறது என்பதில்தான் எனக்குப் பாடம் இருந்தது.

கொஞ்சம் பின்னணி

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து என்பது நம் ஊர் இன்டர்-காலேஜ் போட்டி மாதிரி சின்ன சமாச்சாரம் இல்லை. டிவி, கூட்டம், பணம் எல்லாம் உண்டு. அதில் ஆண்களுக்கான என்சிஏஏ தேசியப் பட்டத்தை அதிக முறை வென்ற பல்கலைக்கழகம் யூசிஎல்ஏ. மொத்தம் 11. அதில் 10 பட்டங்கள் ஜான் வுடன் என்ற ஒரே பயிற்சியாளரின் கீழ், 1964 முதல் 1975 வரையிலான 12 வருடங்களில் வந்தவை. பதினோராவது 1995-இல் வந்தது.

இவ்வளவு ஜெயித்த இடத்தில் "யார் பெரியவர்" என்ற சண்டை வராமல் இருக்குமா? சரி, ஷீட்டுக்கு வருவோம்.

முதல் வரிசை: மொத்தப் புள்ளிகள்

மொத்தப் புள்ளிகளை வைத்து வரிசைப்படுத்தினேன். மேலே வந்த பெயர் அல்சிண்டரும் இல்லை, வால்டனும் இல்லை. டான் மெக்லீன், 2,608 புள்ளிகள், 1988 முதல் 1992 வரை. அடுத்தவர்தான் லூ அல்சிண்டர், 2,325. (பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று உலகம் அறிந்தவர். கல்லூரியில் ஆடியபோது அவர் பெயர் லூ அல்சிண்டர் என்பதால் இங்கே அப்படியே எழுதுகிறேன்.)

மெக்லீன் அருமையான ஷூட்டர்தான். ஆனால் அவர் ஆடியது 4 வருடம், 127 ஆட்டங்கள். அல்சிண்டர் ஆடியது 3 வருடம், 88 ஆட்டங்கள். சராசரி பார்த்தால் மெக்லீன் 20.5, அல்சிண்டர் 26.4.

அல்சிண்டர் ஏன் மூன்றே வருடம் ஆடினார்? படிப்பை விட்டுவிட்டுப் போனாரா? இல்லை. அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆடவே கூடாது என்று விதி. அவர்களுக்குத் தனி அணி, தனி ஆட்டங்கள். அந்தப் புள்ளிகள் சாதனைக் கணக்கில் சேராது. இந்த விதி 1972-73 சீசனில்தான் போனது.

அந்த விதி எதை மறைத்தது என்பதற்கு ஒரே ஒரு மாலைப்பொழுது போதும். 1965 நவம்பர் 27, யூசிஎல்ஏவின் புது அரங்கமான பாலி பெவிலியன் திறப்பு. சொந்தக் கல்லூரியின் முதன்மை அணிக்கும் முதலாண்டு அணிக்கும் ஆட்டம். முதன்மை அணி லேசுப்பட்டதல்ல, அதற்கு முந்தைய இரண்டு வருடமும் தேசியச் சாம்பியன். முதலாண்டுப் பையன்கள் 75-60 என்று ஜெயித்தார்கள். அல்சிண்டர் 31 புள்ளிகள், 21 ரீபவுண்ட். நாட்டின் சாம்பியன் அணியைத் தோற்கடித்தவருக்கு அந்த வருடம் சாதனைப் புத்தகத்தில் இருப்பது வெற்று வரி.

டேட்டாபேஸில் வேலை செய்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். பூஜ்யம் வேறு, காலியாக இருப்பது வேறு. மொத்தப் புள்ளிகளைக் கூட்டும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இரண்டாவது வரிசை: வெற்றி

அல்சிண்டர் ஆடிய மூன்று சீசன்களில் யூசிஎல்ஏ 88 வெற்றி, 2 தோல்வி. மூன்று வருடமும் தேசியப் பட்டம். மூன்று வருடமும் இறுதிச் சுற்றின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. ஆண்கள் போட்டியில் அதை மூன்று முறை வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

அந்த இரண்டு தோல்விகளையும் பார்த்துவிடுவோம். முதலாவது 1968 ஜனவரி 20, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில், 52,693 பேர் முன்னால், 71-69. ஒரு வாரம் முன்புதான் அல்சிண்டருக்குக் கண்ணில் அடிபட்டுக் கருவிழியில் கீறல். 18 தடவை எறிந்து 4 மட்டும் கூடையில் விழுந்தது. எதிரணியின் எல்வின் ஹேய்ஸ் 39 புள்ளிகள் எடுத்தார். இரண்டு மாதம் கழித்து அரையிறுதியில் அதே ஹூஸ்டனை யூசிஎல்ஏ 101-69 என்று துவைத்து எடுத்தது. இரண்டாவது தோல்வி 1969 மார்ச்சில், யூஎஸ்சியிடம் 46-44. இது என்ன ஸ்கோர் என்று தோன்றுகிறதா? அப்போது கல்லூரி ஆட்டத்தில் ஷாட் கிளாக் கிடையாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம். அவர்களும் கடத்தினார்கள்.

அல்சிண்டருக்காக விதியே மாறியது என்பார்கள். அவருடைய முதல் சீசன் முடிந்ததும், 1967-இல், கல்லூரி ஆட்டத்தில் டங்க் தடை செய்யப்பட்டது. பலரும் அதை அல்சிண்டர் விதி என்றே அழைத்தார்கள். 1976 வரை அந்தத் தடை நீடித்தது. தடைக்குப் பிறகும் பட்டம் இரண்டு வந்தது. ஆக, கேஸ் முடிந்தது என்று ஷீட்டை மூடப்போனேன்.

மூன்றாவது வரிசை: ஒரே ஒரு இரவு

அப்போதுதான் பில் வால்டன் குறுக்கே வந்தார். 1973 தேசிய இறுதியாட்டம், எதிரணி மெம்ஃபிஸ் ஸ்டேட். வால்டன் 22 முறை எறிந்தார், 21 கூடை. மொத்தம் 44 புள்ளிகள். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டங்க் தடை அமலில் இருந்த காலம் அது. கூடைக்குப் பக்கத்திலேயே நின்றாலும் உள்ளே அமுக்க முடியாது, பந்தை மெதுவாக விட்டாக வேண்டும். அந்தத் தடையோடு 22-க்கு 21.

வால்டன் ஆடிய மூன்று சீசன்களில் 86 வெற்றி, 4 தோல்வி, இரண்டு பட்டம். முதல் இரண்டு சீசனிலும் அணி 30-0. அவர் 1,370 ரீபவுண்ட், அல்சிண்டர் 1,367. மூன்றே மூன்று வித்தியாசம்! புள்ளிகளில் அல்சிண்டர் வெகு முன்னால். ஆனால் ரீபவுண்ட் எடுத்த கையோடு பாதி மைதானம் தாண்டிப் பந்தை வீசி வேகத் தாக்குதலைத் தொடங்கி வைப்பதில் வால்டனுக்கு நிகரான சென்டர்கள் குறைவு. அதற்கு ஷீட்டில் காலமே இல்லை. எதிராளியின் ஷாட்டைத் தடுத்த கணக்கும் இருவருக்கும் கிடையாது. ஆண்கள் ஆட்டத்தில் அதை அதிகாரப்பூர்வமாக எண்ணத் தொடங்கியது 1985-86 சீசனில்தான்.

வால்டன் ரசிகர்கள் உடனே தூக்கிக் காட்டுவது தொடர்ச்சியான 88 வெற்றிகள். இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த 88-இல் முதல் 15 ஆட்டங்கள் 1970-71 சீசனில் சிட்னி விக்ஸ், கர்டிஸ் ரோ ஆகியோரின் அணி ஜெயித்தவை. வால்டன் அப்போது முதலாண்டு அணியில் இருந்தார். அவர் காலத்துப் பங்கு 73. அதுவே மலைக்க வைக்கும் எண்தான், இருந்தாலும் கணக்கு கணக்குதான். அந்தத் தொடர் 1974 ஜனவரி 19 அன்று நோட்ரடாமில் அறுந்தது. 70-59 என்று முன்னிலையில் இருந்த யூசிஎல்ஏ, கடைசி சில நிமிடங்களில் வரிசையாக 12 புள்ளிகள் விட்டுக்கொடுத்து 71-70 என்று தோற்றது. அந்த வருடம் பட்டமும் போனது.

பட்டம் யாருடையது?

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். வுடனின் 10 பட்டங்களில் அல்சிண்டர் காலத்தில் 3, வால்டன் காலத்தில் 2. மீதி 5, அதாவது சரிபாதி, இருவருமே அணியில் இல்லாதபோது வந்தவை. 1964 அணியில் தொடக்க ஐவரில் ஒருவர்கூட 6 அடி 5 அங்குலத்துக்கு மேல் இல்லை. அந்த அணியும் 30-0. அப்படியானால் "பட்டம் வாங்கினார்" என்பதில் எவ்வளவு ஆட்டக்காரருக்கு, எவ்வளவு அணிக்கு? மெக்லீன் 1992-இல் கடைசி எட்டு அணிகள் வரை போய் இந்தியானாவிடம் தோற்றார். அவர் 1970-இல் பிறக்காமல் 1949-இல் பிறந்திருந்தால் கை நிறையப் பட்டம் இருந்திருக்கலாம்.

பிற்கால வாழ்க்கையும் ஷீட்டுக்குள் கசியும். ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் என்பிஏவில் எம்விபி ஆனவர். ஆனால் யூசிஎல்ஏவில் இரண்டாம் வருடச் சராசரி 12.7 புள்ளிகள்தான். கல்லூரி ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறோமா, மனிதரைப் பற்றிப் பேசுகிறோமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளாவிட்டால் சண்டை ஓயாது.

இத்தனையும் எழுதி, அழகாகக் கலர் எல்லாம் போட்டு, ஷீட்டை டீம் குரூப்பில் அனுப்பினேன்.

"கர்ரியைக் காணோமே?"

லாஸ் ஏஞ்சலஸ் பெண்மணியிடமிருந்து ஒற்றை வரி பதில் வந்தது: "கர்ரியைக் காணோமே?"

எனக்குச் சிரிப்பு. "ஸ்டீஃபன் கர்ரி டேவிட்சன் காலேஜுங்க, யூசிஎல்ஏ இல்லை" என்று விவரம் தெரிந்தவன் மாதிரி பதில் போட்டேன்.

"நான் டெனிஸைச் சொன்னேன்" என்றார்.

டெனிஸ் கர்ரி. 1977 முதல் 1981 வரை யூசிஎல்ஏ பெண்கள் அணி. 130 ஆட்டங்கள், 3,198 புள்ளிகள், சராசரி 24.6. யூசிஎல்ஏவில் ஆண் பெண் யார் எடுத்ததையும்விட அதிகம். மெக்லீனைவிட 590 கூடுதல். அல்சிண்டருக்கு அந்த நாலாவது வருடத்தைக் கற்பனையில் கொடுத்து, அதே சராசரியில் 30 ஆட்டம் சேர்த்தாலும் ஏறக்குறைய 3,117தான் வருகிறது. கர்ரியைத் தொடவில்லை. மூன்று புள்ளிக் கோடு இல்லாத காலம். பெண்களுக்கான சிறிய பந்து 1984-85 சீசனில்தான் வந்தது. அவர் ஆடியது ஆண்களின் பந்தில்.

என் ஷீட்டில் அவர் கடைசி வரிசையில்கூட இல்லை. இல்லவே இல்லை.

எப்படித் தவறினேன்? நான் டேட்டா எடுத்த இடங்களில் "கூடைப்பந்து" என்று ஒரு பட்டியல், "பெண்கள் கூடைப்பந்து" என்று தனியாக ஒரு பட்டியல். முதலாவதை எடுத்தேன், அதுவே முழுசு என்று நினைத்தேன். போதாததற்கு, 1981-82க்கு முன் என்சிஏஏ பெண்களுக்குத் தேசியப் போட்டி நடத்தவே இல்லை. ஏஐஏடபிள்யூ என்ற வேறு அமைப்பு நடத்தியது. அதனால் அந்தக் காலத்துச் சாதனைகள் என்சிஏஏ பட்டியல்களுக்கு வெளியே நின்றுவிட்டன.

தேடத் தேட இன்னொரு பெயரும் வந்தது: ஆன் மேயர்ஸ். முழு விளையாட்டு உதவித்தொகையோடு யூசிஎல்ஏவில் சேர்ந்த முதல் பெண். நான்கு வருடமும் ஆல்-அமெரிக்கன். 1978 பிப்ரவரி 18 அன்று ஒரே ஆட்டத்தில் 20 புள்ளிகள், 14 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 10 ஸ்டீல். கல்லூரிக் கூடைப்பந்தின் உயர்மட்டத்தில், ஆண் பெண் இரண்டையும் சேர்த்து, பதிவான முதல் குவாட்ரூபிள் டபுள் அதுதான். அடுத்த மாதமே தேசிய இறுதியில் மேரிலாண்டை 90-74 என்று வென்றார்கள். மேயர்ஸுக்குக் கடைசி வருடம், கர்ரிக்கு முதல் வருடம். 1979-இல் இந்தியானா பேசர்ஸ் என்ற என்பிஏ ஆண்கள் அணியே மேயர்ஸோடு ஒப்பந்தம் போட்டுத் தேர்வு முகாமில் ஆட வைத்தது. அணியில் இடம் கிடைக்கவில்லை.

கடைசியாக

எஸ்க்யூஎல் எழுதுபவர்களுக்குச் சட்டென்று புரியும். நாங்கள் எல்லோரும் வாரக்கணக்கில் சண்டை போட்டது எதை வைத்து வரிசைப்படுத்துவது என்று. புள்ளியா, பட்டமா, சராசரியா? ஆனால் வரிசைப்படுத்துவதற்கு முன்பே, யாரை எண்ணிக்கையில் சேர்ப்பது என்ற வடிகட்டல் சத்தமில்லாமல் நடந்து முடிந்திருந்தது. வரிசை தப்பாக இருந்தால் யாராவது கத்துவார்கள். வடிகட்டி தப்பாக இருந்தால் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் விடுபட்டவர் திரையிலேயே இல்லை. முதலாண்டு விதி அல்சிண்டரின் ஒரு வருடத்தை வடிகட்டியது என்று பக்கம் பக்கமாக எழுதிய நான், கர்ரியின் நான்கு வருடத்தையும் ஒரே க்ளிக்கில் வடிகட்டியிருந்தேன்.

யூசிஎல்ஏ இந்தத் தப்பைச் செய்யவில்லை. 1990 பிப்ரவரி 3 அன்று பாலி பெவிலியனில் முதல் முறையாக நான்கு பேரின் ஜெர்சி எண்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அல்சிண்டரின் 33, வால்டனின் 32, மேயர்ஸின் 15, கர்ரியின் 12. இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், ஒரே மேடை, ஒரே நாள்.

சரி, என் தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள். ஒரு முழு சீசனுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அல்சிண்டர். ஒரே ஒரு இறுதியாட்டத்துக்கு என்றால் வால்டன். எல்லா வேலையும் தெரிந்த ஒருவர் வேண்டுமென்றால் மேயர்ஸ். இரவு தவறாமல் கூடையில் போட ஆள் வேண்டுமென்றால் கர்ரி. நாலு கேள்விக்கு நாலு பதில். ஒரே பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று கழுத்தைப் பிடித்தால் இன்றைக்கும் அல்சிண்டர் என்றுதான் சொல்வேன். இப்போது அது நாலு பேரையும் பார்த்துவிட்டுச் சொல்லும் பதில்.

ஷீட்டைத் திருத்தி மறுபடி குரூப்பில் போட்டேன். மொத்தப் புள்ளிகள் வரிசையில் முதல் பெயர் டெனிஸ் கர்ரி. அந்தப் பெண்மணி ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார்.