மோனேயின் சூரியகாந்தியைப் பார்த்துத் தைலவண்ணம் பழகுதல்

பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் 1793இல் திறக்கப்பட்ட காலத்திலிருந்தே அங்குள்ள ஓவியங்களைப் பார்த்து வரைய ஓவியர்களுக்கு இடம் உண்டு. மானேயும் டெகாவும் அப்படி நின்று வரைந்து தேறியவர்கள்தாம்.

அப்படிப் பார்த்து வரைந்து தைலவண்ணம் பழகத் தொடங்குபவருக்கு ஏற்ற படம், குளோத் மோனே 1881இல் தீட்டிய சூரியகாந்திப் பூச்சாடி. மூலம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. இதைவிடத் தாம் தீட்டிய சூரியகாந்தியே ஓவியர் கோகனுக்குப் பிடித்திருந்ததாக வான்கோ கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் பழகுபவருக்கு மோனேதான் உதவுவார். அவர் இதழ்களைக் கோடிட்டு வரையவில்லை. ஒவ்வொன்றும் ஒரே இழுப்பு.

எனவே பென்சிலால் இதழ் எண்ணி வரைவது வீண்வேலை. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து, வெளிச்சமும் இருளும் திட்டுத் திட்டாகத் தெரியும். டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த வண்ணத்தால் அந்தத் திட்டுகளை மட்டும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு இருண்ட இலைகள், கடைசியில் கெட்டியான மஞ்சள்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. வண்ணத்திலுள்ள ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த பூச்சு மெதுவாகக் காயும். அதன்மேல் மெல்லிய பூச்சைத் தடவினால் மேல்பகுதி முந்திக் காய்ந்து, பின்னாளில் வெடிக்கும்.

ஈரத்தின்மேல் ஈரம் தீட்டும்போது வரும் தொல்லை வேறு. பச்சைமேல் வைத்த மஞ்சளை மறுபடி மறுபடி தேய்த்தால் சேறாகிவிடும். ஓர் இழுப்பு, உடனே தூரிகையைத் துணியில் துடைப்பு, அவ்வளவுதான். பிடிக்கவில்லையென்றால் பேலட் கத்தியால் வழித்தெடுத்துவிட்டு மீண்டும் வைக்கலாம்.

மஞ்சள் இதழின் நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் அது பச்சையடித்துப் போகும். காவி மஞ்சளும் சிறிது ஊதாவும் போதும். அப்படியும் பூக்கள் மங்கலாகத் தெரிந்தால், பெரும்பாலும் கோளாறு பூவில் இல்லை, பின்னணியில்தான். மோனேயின் பின்னணியில் நீலமும் ஊதாவும் கலந்திருக்கின்றன. மஞ்சளை ஒளிரவைப்பது அதுவே. கற்பவர் பலர் இதைக் கவனிக்காமல் மஞ்சளைக் குழாய் குழாயாகப் பிதுக்குவார்கள்.

கெட்டிப் பூச்சு முழுதாகக் காய ஆறு மாதம்கூட ஆகலாம். வார்னிஷ் அதற்குப் பிறகுதான். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றக்கூடும். அவற்றைத் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடிவைப்பார்கள்.