ஒரு சக்கரம் மட்டும் சுழன்றால் வண்டி நகருமா?

எருத்தேன்பதி:

கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி வட்டாரத்திலிருந்து கோவைப் பட்டறைகளுக்கு வேலைக்குப் போய்வரும் இளைஞர்கள் அநேகர். இவர்களில் சிலருக்குப் பந்தயக் கார்களில் கை வைக்கும் வாய்ப்பும் கிடைக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே நமக்குக் கூப்பிடு தூரம்தான். 1995-ல் விமான விபத்தில் மறைந்த பந்தய வீரர் கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கும் களம் அது.

அங்கே ஓடும் காருக்கும், தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புக்கும் பொதுவான ஒரு தொல்லை உண்டு. ஒரு சக்கரம் பிடிப்பை இழந்து வெறுமனே சுழல, வண்டி முன்னேறாமல் நின்றுவிடுவதே அது. பந்தயத்தில் அதனால் போவது சில விநாடிகள். மழைக்கால மலைப் பாதையில் போவது உயிராகவும் இருக்கலாம். இதற்குப் பரிகாரமாக வெளிச்சந்தையில் விற்கும் 'லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்' எனும் சாதனத்தை வாங்குவோர் எதைக் கவனிக்க வேண்டும்?

மாட்டு வண்டியும் ரயில் வண்டியும்

வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் உருள வேண்டும். மாட்டு வண்டியில் இரண்டு சக்கரமும் தனித்தனியே சுழல்வதால் சிக்கல் இல்லை. ரயிலில் இரு சக்கரமும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. ஆனால் சக்கரத்தின் விளிம்பு சற்றே கூம்பு வடிவில் இருப்பதால் வளைவில் தானாகச் சரி செய்துகொள்கிறது.

மோட்டார் வண்டியிலோ என்ஜின் இரு சக்கரத்தையும் தள்ளவும் வேண்டும். அவை வேறு வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும். இதற்கான பல்சக்கர அமைப்புக்கு 1827-ல் பிரான்ஸ் நாட்டின் பெக்கர் காப்புரிமை பெற்றார். அதுவே டிஃபரன்ஷியல்.

அதன் குறை இது: இரு சக்கரத்துக்கும் சமமான விசையையே அது கொடுக்கும். சேற்றில் உள்ள சக்கரம் 10 பங்கு விசைதான் தாங்கும் என்றால், நல்ல தரையில் நிற்கும் மற்றதற்கும் 10 பங்குதான் கிடைக்கும். மொத்தம் 20. மேடேற 35 தேவையென்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். 1930-களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களில் இந்தத் தொல்லை பெரிதாகவே, இசட்.எஃப். நிறுவனம் இதற்கு மாற்றுச் செய்து கொடுத்தது.

மூன்று வகைகள்

முதலாவது, கிளட்ச் பிளேட் வகை. தகடுகள் ஒன்றோடொன்று அழுந்தி இரு சக்கரங்களுக்கும் இடையிலான வேக வித்தியாசத்தைத் தடுக்கும். பந்தயத்துக்கு ஏற்றது, இறுக்கத்தை நம் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தகடு தேயும். அவ்வப்போது பிரித்துப் பார்க்க வேண்டும். இதற்கென்றே உள்ள ஆயிலை ஊற்றாவிட்டால் திரும்பும்போது நடுங்கிச் சத்தம் போடும். இதிலேயே ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் பிடிப்பவை 'ஒன்-வே', காலை எடுத்தாலும் பிடிப்பவை 'டூ-வே'. சாலையில் ஓட்டுபவருக்குப் பின்னது வேண்டாத வேலை.

இரண்டாவது, கியர் வகை. டார்சன், குவாய்ஃப் என்ற பெயர்களில் வருவன இவை. தேய்மானம் மிகக் குறைவு, சத்தமில்லை. முன்சக்கரங்கள் இழுக்கும் கார்களுக்கும், அன்றாடம் சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் இதுவே பொருத்தம். மேலே சொன்ன கணக்கில், 3 மடங்கு தரும் கியர் வகையானால் 10-ம் 30-ம் சேர்ந்து 40 ஆகும்; வண்டி மேடேறிவிடும். ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பூஜ்யத்தின் 3 மடங்கும் பூஜ்யமே.

மூன்றாவது, 'லாக்கர்'. இரு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். குண்டும் குழியுமான எஸ்டேட் பாதைக்கு இதற்கு இணையில்லை. வேகமான தார்ச் சாலைக்கு ஆகாது. மஹிந்திரா தார் ஜீப்பின் 2015-ம் ஆண்டு மாடலில் தானே பூட்டிக்கொள்ளும் இவ்வகை பின் ஆக்சிலில் வந்தது. கம்பெனியே பொருத்தித் தரும் வண்டி கிடைக்கும்போது, வெளியில் வாங்கி மாட்டுவதைவிட அதுவே நல்லது.

வாங்குமுன்

முதலில் டயரைப் பாருங்கள். வழவழத்த டயரை வைத்துக்கொண்டு டிஃபரன்ஷியலுக்குச் செலவழிப்பது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பது போல. ஒரே ஆக்சிலில் புது டயரும் தேய்ந்த டயருமாக ஓட்டினால் பிளேட்டுகள் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

விலையோடு முடிவதில்லை. கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் உள்ள இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளந்து பூட்டத் தெரிந்த கை வேண்டும். பேரிங், சீல், ஆயில், கூலி எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பந்தயக்காரர்கள் தம் பிரிவின் விதி இதை அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நலம்.

சாலை வண்டிக்கோ சட்டம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எனவே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு இறங்குவதே புத்திசாலித்தனம். பின்னால் விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈடு மறுக்கப்பட்டு அவதிப்படுவது, வண்டியில் வந்த கூலித் தொழிலாளியின் குடும்பமும்தான்.

பட்டறைத் தம்பிகளுக்கு

இந்தச் சாதனம் மாட்டிய வண்டியில் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, என்ஜினை ஓட்டிக் கியர் போடவே கூடாது. சாதாரண வண்டியில் தூக்கிய சக்கரம் மட்டும் சுழலும். இதிலோ தரையில் இருக்கும் சக்கரமும் இழுத்து வண்டி ஜாக்கியை விட்டுப் பாயும். அடியில் படுத்திருப்பவர் தப்புவது கஷ்டம். வண்டி கைக்கு வந்ததும், 'டிஃபரன்ஷியலில் என்ன மாட்டியிருக்கிறது?' என்று சொந்தக்காரரிடம் முதல் கேள்வியாகக் கேட்டுவிடுங்கள். மாட்டிக் கொடுப்பவரும் அதை ஒரு சீட்டில் எழுதி வண்டியில் ஒட்டிவிட்டால், அடுத்து அந்த வண்டியைத் தொடும் தொழிலாளிக்குச் செய்யும் பேருதவியாக இருக்கும்.