கயிற்றை நம்பி இறங்கலாமா?

இடுக்கி மாவட்டம் வாகமனில் 2022இல் கேரளத்தின் முதல் கேரவன் பூங்கா வந்தது. அமெரிக்கர்கள் கேரவனுக்குப் பின்னால் சொந்தக் காரையும் உருட்டி இழுத்துப் போகிறார்கள். இரும்புச் சட்டம், பாதுகாப்புச் சங்கிலி, பின்விளக்குக்கு ஒயர், காருக்குத் தனி பிரேக் ஏற்பாடு எல்லாம் அதற்கு வேண்டும். இங்கே ஆசைப்பட்டும் பயனில்லை. நன்றாக ஓடும் காரை இழுத்துச் செல்ல 2017ஆம் ஆண்டின் ஓட்டுநர் விதிமுறைகள் இடம் தரவில்லை. பழுதானதை மட்டும் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை இழுக்கலாம்.

அதற்கும் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் கயிறு கட்டுவது விபரீதம்தான். எஞ்சின் நின்றால் பிரேக் பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங் இறுகும். இறக்கத்தில் கயிறு தொய்ய, பின்வண்டி முன்வண்டியை முட்டும். இரும்புத் தடி என்றால் இடைவெளியாவது மாறாது. ஆட்டோமேட்டிக் கார்களில் பலவற்றுக்கு அதுவும் ஆகாது. எஞ்சின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுழன்றால் கியர்பாக்ஸுக்கு எண்ணெய் போகாது. லாரியில் ஏற்றிவிடுவதே மேல்.