கன்டெய்னர் சாலையில் சைக்கிள்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி, கடலை வலப்புறத்தில் வைத்துக்கொண்டு எண்ணூரை நோக்கி வடக்கே செல்லும் விரைவுச் சாலையில், விடியற்காலை தொடங்கி நள்ளிரவு வரையில் இரண்டு வகை உழைப்பாளிகள் ஒருவரையொருவர் சபித்துக்கொண்டே பிரயாணம் செய்கிறார்கள். ஒருவர், இருபதடியோ நாற்பதடியோ நீளமுள்ள இரும்புப் பெட்டியைச் சுமந்த டிரெய்லரின் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்திருப்பவர். மற்றவர், கேரியரில் சாப்பாட்டுத் தூக்கையோ மீன் கூடையையோ கட்டிக்கொண்டு, கடற்காற்றை எதிர்த்துப் பெடலை மிதித்துச் செல்பவர். “யோவ், வூட்ல சொல்லிக்கினு வந்தியா?” என்று மேலிருந்து ஒரு குரல் இறங்கும், “ரோடு இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா?” என்று கீழிருந்து பதில் ஏறும். நகரின் வேறு வீதிகளில் இவை சென்னையின் வழக்கமான வசவுகள் என்று கேட்டுவிட்டுப் போய்விடலாம். எண்ணூர்ச் சாலையிலோ, வீட்டில் விடைபெற்றுப் புறப்பட்டவர்கள் மெய்யாகவே திரும்பாமற்போன குடும்பங்கள் சாலையின் இருமருங்கிலும் வசிக்கின்றன.

இந்த விரோதத்தை மனிதர்களின் குணதோஷமாகக் கொள்வோர் பலர். லாரிக்காரருக்கு ஈவிரக்கமில்லை என்பார் சிலர். சைக்கிள்காரருக்குச் சாலை விதியே தெரியாது என்பார் சிலர். சாலையைச் சற்று நின்று பார்த்தால், சுபாவத்தில் இத்தனை தீமையில்லாத இருவரை நாள்தோறும் பகைவராக்கி அனுப்பும் காரணங்கள் சாலையின் அமைப்பிலும், துறைமுக வாசலின் காத்திருப்பிலும், வண்டியின் இடப்பக்கத்திலும் இருப்பது புலப்படும் என்பதே என் அபிப்பிராயம்.

ஆதியில் இவ்விருவருக்கும் இப்பிரதேசத்தில் பகையில்லை என்பதைச் சரித்திரமே சொல்லும். 1948-ல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி இறக்கியது. 1955 முதல் அசோக் லேலண்ட் என்ற பெயரோடு லாரிகளையும் பஸ்களையும் நாட்டுக்கு அனுப்பலாயிற்று. அதே ஆண்டில் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளுக்குத் தொழிற்சாலை எழும்பியது. அதன் தாய் நிறுவனமாகிய இங்கிலாந்தின் என்ஃபீல்டு கம்பெனி சைக்கிள் செய்து பிழைத்துப் பிறகே மோட்டாருக்கு வந்தது. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கு பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1961 முதல் டயர் உற்பத்தியில் இறங்கியது. காற்றடைத்த டயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1888-ல் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் அதைப் பயன்தரும் வடிவில் முதலில் செய்தது தம் சிறு மகனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காகத்தான். இன்று நாற்பது டன் பாரத்தைத் தாங்கி ஓடும் டிரெய்லரின் சக்கரத்துக்கும் அந்தச் சிறுவனின் வண்டியே மூதாதை.

லாரியையும் மோட்டார் சைக்கிளையும் டயரையும் செய்துகொடுத்த இந்தத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தவர்களோ பெரும்பாலும் சைக்கிளில்தான் வந்தார்கள். மேற்கே அம்பத்தூரில் 1949-ல் முருகப்பா குழுமம் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸையும் பி.எஸ்.ஏ.வையும் தமிழ்நாட்டின் வீட்டுப் பெயர்களாக்கிற்று. ஆலைச் சங்கு ஊதியதும் வாசலிலிருந்து பெருகி வந்த சைக்கிள்களின் நடுவே லாரிகளே வழிபார்த்துத் தயங்கி நின்ற காலம் அது. சைக்கிள்காரர் அன்று அஞ்சியது போலீஸ்காரரிடம் மாத்திரமே. விளக்கில்லாமல் போனாலோ, பின்னால் ஒருவரை ஏற்றி ‘டபுள்ஸ்’ அடித்தாலோ வண்டி ஸ்டேஷனுக்குப் போய்விடும்.

1983-ல் சென்னைத் துறைமுகத்தில், நாட்டிலேயே முதன்முதலாகக் கன்டெய்னர்களுக்கென்று தனி முனையம் திறக்கப்பட்டபோது இந்த நிலைமை மாறத் தொடங்கியது. அதுவரை மூட்டையாகவும் பெட்டியாகவும் பிரிந்து சென்ற சரக்கு, அவிழ்க்கப்படாத ஒரே இரும்புப் பெட்டியாகக் கப்பலிலிருந்து இறங்கி, அப்படியே சாலையில் ஏறியது. முழுப் பாரமேற்றிய ஒரு கன்டெய்னர் முப்பது டன் வரையில் நிறுக்கும். பின்னர் 2001-ல் எண்ணூர்த் துறைமுகமும், அதற்கப்பால் காட்டுப்பள்ளியும் சேர்ந்துகொண்டன. பகலில் நகரின் மற்றப் பகுதிகளில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், இந்தப் பெருக்கு முழுவதும் வடக்குச் சாலைகளின் மீதே வந்து விழுந்தது. சுமார் 30 கிலோமீட்டர்ச் சாலைகளை அகலப்படுத்த வகுத்த எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் தொண்ணூறுகளின் இறுதியில் பேச்சளவில் பிறந்து, பத்தாண்டுகளுக்கு மேல் சென்ற பிறகே வேலையாக உருவெடுத்தது. மேற்கு நோக்கிச் செல்லும் சரக்குக்காகத் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். வேலை 2012-ல் நின்றது. 2022-ல் ஈரடுக்குப் பாலமாக மீண்டும் அடிக்கல் நாட்டினார்கள். துறைமுகம் விரைந்து வளர்ந்தது. சாலை பின்தங்கியே வந்தது.

பகை விளைந்த இடத்தை இனி நேரில் பார்ப்போம். துறைமுகத்தின் ‘ஜீரோ கேட்’ எனப்படும் வடக்கு வாசலில் ஒவ்வொரு வண்டியும் நின்று, காகிதங்களைக் காட்டி, சுங்கச் சீலைச் சரிபார்த்துக்கொண்ட பிறகே உள்ளே செல்ல முடியும். உள்ளே ஒரு கிரேன் பழுதானாலும், ஒரு கப்பல் தாமதித்தாலும், வாசலில் ஒரு கணிப்பொறி முடங்கினாலும், அந்தத் தாமதம் அப்படியே வெளியே வந்து சாலையில் படுத்துக்கொள்ளும். வரிசை பல கிலோமீட்டர் நீண்டு, ஓட்டுநர்கள் ஒரு பகலும் இரவும் வண்டியிலேயே கிடந்த காலங்களை இவ்வட்டாரம் நன்கு அறியும். அவர்களுக்கு அங்கே குளிக்க நீரில்லை, மலஜலம் கழிக்க மறைவில்லை, தூங்கினால் பின்னாலிருப்பவர் முந்திக்கொள்வார் என்ற பயம் வேறு. பெரும்பாலோருக்கு நடைக் கணக்கில் கூலி; நிற்கும் நேரத்துக்குக் கூலியில்லை. இவ்வாறு இழந்த பொழுதை, வாசலைக் கடந்து சரக்கை ஏற்றியோ இறக்கியோ வெளியே வந்ததும், காலியான சாலையில் வேகத்தால் மீட்டுக்கொள்ளவே எந்த மனிதரும் முனைவார்.

அந்த வரிசை நிற்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் இடப்பக்கமே செல்ல வேண்டும் என்பது விதி. ஆகையால் தெற்கே துறைமுகத்தை நோக்கி நிற்கும் டிரெய்லர்கள் சாலையின் இடது ஓரத்தை, அதாவது கடலோரப் பக்கத்தை, அடைத்துக்கொண்டு நிற்கின்றன. சைக்கிள்காரருக்கு விதியும் வழக்கமும் ஒதுக்கித் தந்த இடம் அந்த இடது ஓரம்தான். குப்பங்களிலிருந்து வேலைக்குப் புறப்படுகிறவர் இரண்டு டிரெய்லர்களுக்கு இடையிலுள்ள சந்தின் வழியாகச் சாலைக்குள் எட்டிப் பார்த்து, நிற்கும் வண்டிகளுக்கு வலப்புறமாக, ஓடும் வண்டிகளின் தடத்திலேயே மிதித்துச் செல்லும் நிர்ப்பந்தம் ஏற்படுகிறது. பின்னால் வேகமாக வரும் ஓட்டுநரின் கண்ணுக்கு அவர் நடுரோட்டில் அத்துமீறி வந்தவராகத் தோன்றுகிறார். “ஓரமாப் போய்யா!” என்ற கூச்சல் எழுகிறது. எந்த ஓரத்துக்கு அவர் போவார்? வரிசையில்லாத நாட்களிலும் ஓரத்தில் கிடப்பவை கடல் மணலும், சரிந்து கொட்டிய ஜல்லியும், மழைநீர் தேங்கிய பள்ளமும். மெல்லிய டயர் மணலில் சறுக்கினால் விழுவது சாலையின் பக்கமாகத்தான்.

வண்டியின் இடப்பக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் மிகப் பலர் இதை அறியார். நம் லாரிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்ந்திருக்கிறார். சைக்கிள்காரர் செல்வதோ இடப்பக்கம். ஆளுயரத்துக்கு மேலே இருக்கும் அந்த ஆசனத்திலிருந்து பார்த்தால், இடது கதவுக்குக் கீழே முன் சக்கரத்தை ஒட்டி வரும் ஒரு மனிதர் கண்ணாடிக்கும் ஜன்னலுக்கும் இடையே முற்றிலும் மறைந்துபோகிறார். ஓட்டுநர் பார்த்தும் பாராததுபோல் இருக்கிறார் என்று சைக்கிள்காரர் கொதிப்பது இந்த இடத்தில்தான். ஓட்டுநரோ அப்படி ஒருவர் இருப்பதையே அறியாமல் இருக்கிறார். இதனோடு டிரெய்லருக்கு வேறொரு தன்மையும் உண்டு. இடப்பக்கம் திரும்பும்போது, எடுத்துக்காட்டாக மணலிக்குப் பிரியும் எர்ணாவூர் முனையில், அதன் முன்பகுதி முதலில் வலப்புறம் அகன்று சென்று பிறகே இடமாக வளைகிறது. அது நேரே போகிறது என்றோ தனக்கு வழிவிடுகிறது என்றோ கருதி, திறந்த இடைவெளியில் சைக்கிள்காரர் நுழைகிறார். பின் சக்கரங்களோ முன் சக்கரங்கள் சென்ற தடத்தில் வருவதில்லை. அவை மூலையை உள்ளாக அறுத்துக்கொண்டு வருகின்றன. ஒரு கணத்துக்கு முன் விசாலமாக இருந்த இடம் பின்னாலிருந்து மூடிக்கொள்கிறது.

முன்காலத்தில் அந்தக் குருட்டுப் பக்கத்துக்கு ஒரு கண் இருந்தது. கிளீனர் என்று அழைக்கப்பட்ட இளைஞர் இடது ஜன்னலில் தலையை நீட்டி, கதவைத் தட்டி, “சைக்கிள் வருது, நில்லு நில்லு” என்று ஓட்டுநருக்குச் சொல்லி, சைக்கிள்காரரையும் கையால் தடுத்து நிறுத்துவார். வாடகை போட்டியில் குறைந்து, டீசல் செலவு ஏறிய காலத்தில், உரிமையாளர்கள் முதலில் நிறுத்தியது அவருடைய சம்பளத்தைத்தான். இன்று துறைமுகச் சாலையில் கிளீனர் இல்லாமல் தனியாகவே ஓட்டிச் செல்லும் ஓட்டுநர்கள் ஏராளம். அந்தச் சம்பளத்தை மிச்சப்படுத்தியவர் யாரோ; அதற்கு விலை கொடுக்கிறவர் இடப்பக்கத்தில் மிதித்துச் செல்லும் தொழிலாளி. லாரியின் பக்கவாட்டில் சக்கரங்களுக்கு இடையே ஆள் விழாமல் தடுக்கும் சட்டம் பொருத்த வேண்டுமென்று நம் நாட்டிலேயே தர விதி உண்டு. வளைந்தும் ஒடிந்தும் தொங்கும் அச்சட்டங்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

இனி விபத்துக்குப் பின் நடப்பது. கூட்டம் கூடும், கண்ணாடி உடையும், ஓட்டுநர் ஓடுவார், மறியல் நடக்கும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஆம் பிரிவு, காயம்பட்டவரை வைத்திய உதவிக்குக் கொண்டுசெல்வது ஓட்டுநரின் கடமை என்று விதித்துவிட்டு, கூட்டத்தின் ஆவேசத்தால் அது இயலாமற்போனால் அவரை விலக்குகிறது. சாலையிலுள்ள துவேஷத்தைச் சட்டமே எதிர்பார்த்து எழுதிவைத்திருக்கிறது. 2023-ல் இயற்றிய பாரதீய நியாய சம்ஹிதையின் 106-ஆம் பிரிவில், விபத்து நேர்ந்த பின் தகவல் கொடாமல் ஓடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரையில் சிறை என்று கண்டபோது, 2024 ஜனவரியில் நாட்டின் பல பாகங்களில் லாரி ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அந்த உட்பிரிவு அமலாகாமல் தள்ளிவைக்கப்பட்டது. இறந்தவரின் குடும்பத்துக்கும் ஓட்டுநரின் அச்சத்துக்கும் இடையே சட்டம் இன்னும் வழி காணவில்லை.

பிற தேசங்களிலும் இப்பகை இருந்தது. ஹாலந்து தேசம் பிறவியிலேயே சைக்கிள் தேசம் என்று எண்ணுவது தவறு. 1971-ல் அந்தச் சிறு நாட்டின் சாலைகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் நானூறு பேருக்கு மேல் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர், குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்று எழுதிய எழுத்தைப் பற்றிக்கொண்டு தாய்தந்தையர் வீதிக்கு வந்த பிறகே அங்கே தனிப் பாதைகள் பெருகின. லண்டன் மாநகரம் 2021 முதல், பன்னிரண்டு டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் ஆசனத்திலிருந்து ஓட்டுநருக்கு எவ்வளவு தெரிகிறது என்று அளந்து தரம் இட்டு, தரம் குறைந்தவற்றைக் கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் நகருக்குள் விடுவதில்லை. அதே லண்டனில் 1934-ல் வெஸ்டர்ன் அவென்யூவில் முதல் சைக்கிள் பாதை திறந்தபோது, பெருஞ்சாலையிலிருந்து தங்களை விரட்டவே இது என்று சைக்கிள் சங்கத்தார் எதிர்த்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. பாதை ஒழுங்காக அமையாவிட்டால் அந்த அச்சம் நியாயமானதே.

நம்மிடம் உத்தரவுகளுக்குக் குறைவில்லை. சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்று, போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்க்கும் சைக்கிளில் செல்வோர்க்கும் ஒதுக்குவதாக எழுதியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே திருவொற்றியூரும் மணலியும் கத்திவாக்கமும் அதே மாநகராட்சியில் சேர்ந்துவிட்டன. மாநில அரசோ 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்குத் தொடங்கி, பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்குமாக விரித்து, ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சைக்கிள் வழங்கிவருகிறது. இது பெரிய தர்மம். எத்தனையோ பெண்களின் படிப்பு அந்தச் சக்கரங்களில் ஓடியிருக்கிறது. அந்தச் சைக்கிளைப் பெற்ற எண்ணூர் மாணவி அதை ஓட்டிச் செல்ல வேண்டிய சாலை, டிரெய்லர் வரிசை நிற்கும் இந்தச் சாலைதான்.

செய்ய வேண்டியவற்றில் முதலாவது வரிசையைச் சாலையிலிருந்து எடுப்பது. வண்டிகள் நிற்பதற்குத் துறைமுகமே இடம் ஒதுக்கி, அங்கே ஓட்டுநர்க்குக் குளியலறையும் சாப்பாடும் தந்து, வாசல் முறை வந்ததும் நேரம் குறித்து அழைத்துக்கொண்டால், இடது ஓரம் முழுவதும் விடுபடும். நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர். வரிசை இன்று அடைத்து நிற்கும் தடத்தில் இரண்டு மீட்டரைப் பிரித்து, டிரெய்லர் ஏற முடியாத உயரத்துக்கு ஒரு கான்கிரீட் விளிம்பு கட்டி, மணலைத் தினமும் கூட்டி அள்ளினால், மீன் கூடையோடு ஒருவரும் பள்ளிப் பையோடு ஒருவரும் அருகருகே செல்ல அது போதும். மிச்சமுள்ள ஒன்றரை மீட்டர் நடந்து செல்பவர்க்குக் கிடைக்கும்.