பின் அடிக்கும் கருவி: கோளாறும் பரிகாரமும்

ஐப்பசி மழைக்கு முன்னால் புதுக்கோட்டை மாவட்டத்து நெசவாளர் வீட்டிலும் தோட்டக்காரர் வீட்டிலும் ஒரே வகையான காரியம் ஒன்று நடைபெறுகிறது. குழித்தறி வைத்திருப்பவர் தறிக்கொட்டகையில் சாரல் விழும் பக்கத்தைப் பிளாஸ்டிக் விரிப்பால் மறைக்கிறார். குழியில் நீர் இறங்கிவிட்டால் தறி நின்றுவிடும். பாவு ஈரங்கொண்டால் போட்ட கஞ்சியும் வீணாகும். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கத்தில் நாற்றங்கால் வைத்திருப்பவர், சென்ற கோடையில் இற்றுப்போன நிழல்வலையைக் கழிகளில் இழுத்துக் கட்டுகிறார். இருவர் கைக்கும் இன்று வந்து சேர்ந்திருக்கும் கருவி ஸ்டேப்ளர் கன் என்பது. கன் டாக்கர் என்று கேட்டாலும் இரும்புக் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். வலையைப் பிடிக்க ஒரு கை, ஆணியைப் பிடிக்க ஒரு கை, சுத்தியலுக்கு ஒரு கை என்று மூன்று கை வேண்டியிருந்த வேலையை இது இரண்டு கையில் முடித்துவிடுகிறது.

ஆனால் இக்கருவியின் ஆயுள் நம்மவரிடம் மிகக் குறைவாக இருப்பதைக் காண்கிறோம். ஒரு பருவம் அடிக்கிறது; மறு பருவத்தில் பரணிலிருந்து இறக்கினால் அடிக்க மறுக்கிறது. உடனே பழைய இரும்பு வாங்குபவரிடம் எடைக்குப் போய்விடுகிறது. நாம் திறந்து பார்த்த கருவிகளில் உண்மையாகவே உடைந்தவை சிலவே. மற்றவற்றில் கண்டது மூக்கில் சிக்கிய ஒரு துண்டுப் பின், அல்லது உலர்ந்த எண்ணெய்ப் பிசுக்கு, அல்லது கருவிக்குப் பொருந்தாத பின். இவற்றுக்காகப் புதுக் கருவி வாங்குவது கைப்பணத்தைக் காற்றில் விடுவதேயாகும்.

பரிகாரம் தேடுமுன் கருவியின் உள்வேலையைச் சற்று அறிந்துகொள்வது அவசியம். உள்ளே இரண்டு ஸ்பிரிங்குகள் உள்ளன. ஒன்று வலுவானது, மூக்கின் பின்புறத்தில் நிற்கும் மெல்லிய எஃகுத் தகட்டைக் கீழ்நோக்கி அறைவது அதன் வேலை. கைப்பிடியை அழுத்தும்போது உள்ளிருக்கும் நெம்புகோல் இத்தகட்டை மேலே தூக்குகிறது, ஸ்பிரிங் இறுகுகிறது. ஓர் எல்லைக்கு வந்ததும் நெம்புகோலின் நுனி தகட்டை விட்டு நழுவுகிறது. அந்தக் கணத்தில் தகடு பாய்ந்து இறங்கி, ஒட்டிய சரத்தின் முதல் பின்னைப் பிரித்து மரத்தில் ஏற்றுகிறது. மற்ற ஸ்பிரிங் மெலிந்தது. அது பின்கூட்டுக்குள் இருந்து சரத்தை மூக்குக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். தூக்குவது, நழுவுவது, அறைவது, தள்ளுவது ஆகிய நான்கே காரியங்கள். கோளாறு எதுவாயினும் இந்நான்கில் ஒன்றில்தான் இருக்கும்.

எந்தக் காரியம் கெட்டது என்று கண்டுபிடிக்கக் கருவியைப் பிரிக்க வேண்டுவதில்லை. துணியில் விழுந்த குற்றத்தைப் பார்த்தே, அறுந்தது பாவா, தார் சரியாகச் சுற்றப்படவில்லையா, அச்சில் பல் வளைந்ததா என்று தேர்ந்த நெசவாளர் சொல்லிவிடுவார் அன்றோ? அவ்வாறே மரத்தில் ஏறி நிற்கும் பின்னைப் பார்த்தே கருவியின் நோயைச் சொல்லிவிடலாம். ஆகவே கோளாறு என்று தோன்றியவுடன் ஒரு பழைய பலகைத் துண்டில் நான்கைந்து பின் அடித்துப் பார்த்துவிட்டு மேலே செல்வது நலம்.

பின்னின் இரு காலும் ஒரே அளவில் இறங்கி, முதுகு மட்டும் மரத்துக்கு மேல் தூக்கி நிற்கிறதா? அறையும் வலு போதவில்லை என்று பொருள். இதற்கு முதற் காரணம் பெரும்பாலும் கருவியன்று, பிடித்தவர் கை. தகடு அறையும்போது கருவி பின்னோக்கி உதைக்கிறது. மூக்கு மரத்தை விட்டு ஒரு நூலளவு எழும்பினாலும் பின் அரைகுறையாக நின்றுவிடும். மூக்கின் நேர் மேலே மற்றோர் உள்ளங்கையை வைத்து அழுத்தி அடித்தால் அக்குறை தீரும். அதன் பின்னும் தீரவில்லையெனில் வலுவைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பார்க்க வேண்டும். அநேகக் கருவிகளில் அது மேற்புறத்தில் இருக்கும். அதற்கும் பிறகே ஸ்பிரிங்கின் மேல் சந்தேகம் கொள்ளலாம்.

மரத்தின் குணத்தையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். நம் மாவட்டத்தில் தைல மரக் கழி மலிவாகக் கிடைப்பதால் கொட்டகைக்கும் பந்தலுக்கும் அதையே நடுகிறோம். பச்சையாக இருக்கையில் பின் எளிதில் ஏறும். காய்ந்து முற்றிவிட்டால் அதே கழி பின்னின் காலை வளைத்துத் தள்ளும். முற்றிய பனஞ் சட்டமும் அப்படியே. ஆதலால் இயன்றவரை கழி பச்சையாக இருக்கும்போதே அடித்துவிடுவதும், காய்ந்த கழிக்கு நீளம் குறைந்த பின்னைத் தேர்வதும் உசிதம். கால் நீண்டால் பிடிப்பு அதிகம் என்று எண்ணி, கடினமான மரத்தில் நீண்ட பின்னை அடிப்பவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள்.

ஒரு கால் இறங்கி மற்றொரு கால் மடிந்து சாய்ந்து நின்றால், மூக்கைச் சாய்த்துப் பிடித்தது காரணமாகலாம். நேராகப் பிடித்தும் எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறதெனில் தகட்டின் நுனி அந்தப் பக்கம் தேய்ந்துவிட்டது. இரண்டு பின்கள் ஒன்றாக வந்து மூக்கை அடைத்தால் தகடு வளைந்திருக்கும், அல்லது மூக்கின் முன் தகடு தளர்ந்து இடைவெளி கூடியிருக்கும், அல்லது கருவிக்கு உரியதைவிட மெல்லிய கம்பியில் செய்த பின் உள்ளே போயிருக்கும். சத்தம் சரியாகக் கேட்டும் பின் வரவில்லையெனில் தள்ளும் ஸ்பிரிங் சிக்கிக்கொண்டது, இல்லையேல் சரம் தலைகீழாக நுழைந்தது. கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் கீழே போய்விட்டால் மட்டும் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. பெரிய ஸ்பிரிங் முறிந்திருக்கலாம், அல்லது நெம்புகோலின் நுனி தேய்ந்து தகட்டைப் பற்றாமல் இருக்கலாம்.

இனிப் பரிகாரம். எதைத் தொடுமுன்னும் பின்கூட்டை உருவிச் சரத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். சரம் வந்துவிட்டதாலேயே கருவி காலியென்று நம்பலாகாது. மூக்கில் ஒரு பின் தங்கியிருக்கக்கூடும். மூக்கைத் தரைப் பக்கம் திருப்பி, பலகையில் வைத்து ஒரு முறை அழுத்திவிட்டு அப்பாற் பார்க்க. சிக்கிய துண்டைக் கூர்மூக்குக் குறடால் பிடித்து, வந்த வழியே இழுக்க வேண்டும். திருப்புளியால் நெம்பினால் மூக்கின் முன் தகடு விரிந்து, இன்று ஒரு பின் சிக்கிய இடத்தில் நாளை இரண்டு சிக்கும். பின்பு பழைய பல்துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ நனைத்து மூக்கையும் பின்கூட்டின் உட்புறத்தையும் தேய்த்துத் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். பாதிக் கருவிகள் இந்த அளவிலேயே பிழைத்துக்கொள்கின்றன.

எண்ணெய் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நம் வீடுகளில் கதவுக் கீலிலிருந்து தலைமுடி வரையில் தேங்காய் எண்ணெய்தான். இக்கருவிக்கு அது ஆகாது; தூசியுடன் சேர்ந்து பிசுக்காகிவிடும், மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். தையல் இயந்திரத்துக்கு விடும் மெல்லிய எண்ணெய் இரண்டு துளி, தகடு ஏறி இறங்கும் தடத்தில் ஒரு துளி, கைப்பிடியின் அச்சில் ஒரு துளி, அவ்வளவே போதும். நெசவாள நண்பர்கள் எண்ணெய் விட்ட பிறகு வேண்டாத பலகையில் ஒரு சரம் முழுவதும் அடித்துத் தீர்த்துவிட்டே கருவியைத் துணி அருகே கொண்டுவர வேண்டும். முதல் சில பின்களுடன் எண்ணெய் தெறிக்கும். சேலையில் விழுந்த எண்ணெய்க் கறைக்குச் சங்கத்தில் தள்ளுபடி கொடுக்க நேர்வதை எவரும் விரும்பார்.

தகடு தேய்ந்ததாயினும் ஸ்பிரிங் முறிந்ததாயினும் கருவியைப் பிரித்தே ஆகவேண்டும். உடல் திருகால் பூட்டப்பட்டதா, ரிவெட்டு அடிக்கப்பட்டதா என்பதை முதலில் பார்க்கவும். ரிவெட்டு அடித்த மலிவுக் கருவியைத் திறக்க முயல்வது வீண். அதற்கு வெளியிலிருந்து செய்யும் சுத்தமே வைத்தியம். திருகால் பூட்டியதாயின், வலுத் திருகை முழுவதும் தளர்த்திய பிறகே திறக்க வேண்டும். அப்போதும் பெரிய ஸ்பிரிங்கில் இறுக்கம் மிஞ்சியிருக்கும். கருவியை ஒரு கனத்த சாக்குக்குள் வைத்து, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, சாக்குக்குள்ளேயே கையை விட்டுத் திறப்பது பத்திரமான முறை. பாய்ந்து வரும் ஸ்பிரிங் சாக்கோடு நின்றுவிடும். ஒவ்வொரு பாகத்தைக் கழற்றுமுன்னும் கைபேசியால் ஒரு படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது பாகம் மிஞ்சாது.

தகட்டின் நுனி சிறிதே தேய்ந்திருந்தால் நுண்ணிய அரத்தால் சதுரமாக ராவிச் சமப்படுத்தலாம். அதிகம் ராவினால் தகடு குட்டையாகி, எத்தனை வலு வைத்தாலும் பின் முழுவதும் இறங்காது. அந்நிலைக்கு வந்த தகட்டை மாற்றுவதே முறை. ஸ்பிரிங் தளர்ந்தால் அதை இழுத்து நீட்டிப் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. இழுத்து நீட்டிய ஸ்பிரிங் சில நாளில் முன்னிலும் மோசமாகத் தளரும். மோட்டார் சைக்கிளின் ஸ்பிரிங்கை வெட்டிப் போடுவது அதனினும் தவறு. அளவுக்கு மீறிய வலு உடலைப் பிளக்கும், கைப்பிடியை அழுத்தவும் முடியாது. இக்காரணத்தாலேயே, வாங்கும்போது விலையை மட்டும் கேளாமல், தகடும் ஸ்பிரிங்கும் தனியே கிடைக்குமா என்று கடைக்காரரைக் கேட்பது புத்திசாலித்தனம்.

பின்னைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாதி நோய்க்கு மூலம் அதுதான். பெட்டியின் மேல் 13/6, 13/8 என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். முதல் எண் பின்னின் வகை. இரண்டாவது எண் காலின் நீளம், மில்லிமீட்டர் கணக்கில். 13 வகையின் முதுகு அகலம் 10.6 மில்லிமீட்டர். 53 வகையில் அது 11.4 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இவ்வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பின்கூட்டுக்குத் தெரியும். இதைவிட ஏமாற்றுவது 140 என்ற வகை. அதன் முதுகு அகலம் 13 வகையைப் போலவே 10.6 மில்லிமீட்டர், கம்பியோ தட்டையாகவும் தடித்தும் இருக்கும். அகலம் ஒன்றே என்று நம்பி 13 வகைக் கருவியில் போட்டால் மூக்கில் அடைத்துக்கொள்ளும். லூதியானாவில் செய்யப்படும் கங்காரு கருவியானாலும், அமெரிக்க ஆரோ கம்பெனியின் டி50 ஆனாலும், அதன் உடலில் எழுதியிருக்கும் எண்ணையே கடையில் சொல்லி வாங்க வேண்டும். பழைய பெட்டி ஒன்றைக் கையில் கொண்டுபோவது எல்லாவற்றினும் எளிது.

மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் போன்ற கடலோர ஊர்களில் சாதாரணப் பின் ஓரிரு மழையிலேயே துருவேறிவிடும். அங்கே துருப்பிடிக்காத எஃகுப் பின் வாங்குவது விலை கூடினாலும் லாபமே. துருவேறிய சரத்தைக் கருவியில் இடுவதும் கூடாது. துருத்தூள் தடத்தில் இறங்கித் தகட்டை அரிக்கும்.

நிழல்வலை விஷயத்தில் கருவியின் மேல் சுமத்தப்படும் ஒரு பழியையும் இங்கே நீக்க விரும்புகிறோம். காற்றில் வலை கிழிந்தவுடன், பின் பிடிக்கவில்லை, கருவி சரியில்லை என்கிறோம். கிழிந்த இடத்தைப் போய்ப் பார்த்தால் பின் கழியிலேயே நிற்கும். வலைதான் அதன் ஊடே கிழிந்து போயிருக்கும். மெல்லிய கம்பி ஒன்று முழு வலையின் இழுப்பையும் தாங்கும்போது அது கத்தியாகிவிடுகிறது. பழைய சைக்கிள் டியூப்பை விரல் அகலப் பட்டையாக வெட்டி வலையின் மேல் நீளமாக வைத்து, பட்டையோடு சேர்த்து அடித்தால் இழுப்பு பரவிவிடும். பின்னின் காலும் அதற்குத் தக்கபடி இரண்டு மில்லிமீட்டர் கூட இருக்க வேண்டும். ஆயினும் 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கரை கடந்த கஜா போன்ற புயலுக்கு முன் எந்தப் பின்னும் நில்லாது. தென்னைகளே வேரோடு சாய்ந்ததைக் கண்ட நாம், புயல் எச்சரிக்கை வந்தால் வலையை அவிழ்த்துச் சுருட்டிவிடுவதே சரியென்று கூறுவோம். இரும்புக் குழாயில் அமைத்த நிழல்வலைக் குடிலுக்கு இக்கருவி பயன்படாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இது விளையாட்டுப் பொருள் போலத் தோன்றுவதே இதன் ஆபத்து. வேலை செய்கிறதா என்று உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்ப்பவரையும், மூக்கை முகத்தருகே வைத்து உள்ளே நோக்குபவரையும் நாம் கண்டிருக்கிறோம். தறிவீட்டில் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் சரத்தோடு இதை வைத்தல் ஒருபோதும் ஆகாது. விரலில் பின் ஏறிவிட்டால், அது மேலோட்டமாக இருந்தால் எடுத்துச் சோப்பு நீரில் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மூட்டிலோ எலும்பிலோ ஏறியிருந்தால் வீட்டில் பிடுங்காமல் அப்படியே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கண்ணில் தெறித்தால் கண்ணைக் கசக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு வாரமே தேவைப்படும் கருவியை வீட்டுக்கொன்று வாங்குவதைவிட, சங்கத்துக்கு ஒன்று வாங்கி முறை வைத்து எடுத்துச் செல்வது நல்லதென்று நினைக்கிறோம். அவ்வாறு வைக்கும் சங்கங்கள் கருவியுடன் ஒரு கூர்மூக்குக் குறடு, ஒரு பிரஷ், ஒரு சிறு குப்பி எண்ணெய், மாற்றுத் தகடு ஒன்று ஆகியவற்றையும் அதே பெட்டியில் வைக்க வேண்டும். பெட்டியின் மூடியில் பின்னின் எண்ணைப் பெயின்டால் எழுதிவிடலாம். கருவி திரும்பி வரும்போது குமாஸ்தா பதிவேட்டில் கையெழுத்து வாங்குமுன் பலகையில் மூன்று பின் அடித்துப் பார்க்க வேண்டும். மூன்றும் முதுகு படிய இறங்கினால் சரத்தை உருவிவிட்டு, வலுத் திருகைத் தளர்த்தி, பெட்டியில் வைத்துப் பூட்டலாம்.