ஆழ்கற்றலைக் கையால் கற்றல்

வியாசர்பாடிக்குக் கடிதம் எழுதுகிறவர் உறையின்மேல் இடும் 600039 என்னும் எண்ணை ஒரு யந்திரம் வாசித்துவிடும் என்பது இன்று ஒருவருக்கும் ஆச்சரியம் தருவதில்லையாயினும், அது எவ்வாறு வாசிக்கிறது என்று வினவினால் அதை நித்தியம் உபயோகிப்பவர்களிலும் பலர் மௌனமாகிவிடுகிறார்கள். யான் லெக்கூன் முதலியோர் 1989இல் அமெரிக்க அஞ்சல் எண்களைக் கொண்டு இதைச் செய்து காட்டினர். அதற்கு ஆதாரமான 'பின்பரவல்' முறையை ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகிய மூவர் 1986இல் 'நேச்சர்' சஞ்சிகையில் நான்கே பக்கங்களில் விளக்கியிருந்தனர்: செயற்கை நரம்பு வலையமைப்பின் விடை தவறினால், அத்தவற்றில் ஒவ்வோர் இணைப்பின் எடைக்கும் உள்ள பங்கைக் கடைசி அடுக்கிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, பிழை குறையும் திசையில் எடைகளைச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும்.

பைடார்ச் போன்ற ஆயத்த நிரல் தொகுப்பில் இக்கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அத்தொகுப்பை ஒதுக்கிவிட்டு, அந்த 1986ஆம் ஆண்டுக் கட்டுரையை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சூத்திரத்தையும் தானே நிரலாக எழுதுகிற மாணவனுக்கே அதன் சூட்சுமங்கள் பிரத்தியட்சமாகின்றன. எடைகள் ஆரம்பத்தில் சிறிய, தற்செயலான எண்களாக இருக்கவேண்டும் என்று அக்கட்டுரை போகிற போக்கில் சொல்கிறது. எல்லாவற்றையும் பூஜ்யமாக வைத்துத் தொடங்கிப் பார்த்தவனோ, நடு அடுக்கின் அலகுகள் அனைத்தும் ஒரே விதமாக மாறி, எத்தனை இருந்தும் ஒன்றின் வேலையையே செய்வதைக் கண்டு, அவ்வாக்கியத்தின் அவசியத்தை உணர்கிறான். சரியான விடைக்கு வலை தரும் நிகழ்தகவின் எதிர்க்குறி இயற்கை மடக்கையால் பிழையை அளந்தால், பத்து இலக்கங்களில் எதையும் இன்னும் கற்காத வலையின் பிழையளவு, பத்தின் இயற்கை மடக்கையான 2.3க்கு அருகில் இருக்கவேண்டும். வெகுவாக விலகினால் நிரலில் எங்கோ கோளாறு இருக்கிறது. ஓர் எடையை அணுவளவு கூட்டியும் குறைத்தும் பிழை எவ்வளவு மாறுகிறது என்று அளந்து, தான் வருவித்த வகைக்கெழுவோடு ஒப்பிடுவது இன்னும் உறுதியான பரீட்சை.

இவ்விதக் கல்விக்குச் சென்னைத் துறைமுகத்தோடு பழைய சம்பந்தம் உண்டு. 1912இல் அங்கே கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்த ராமானுஜன், கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோதே கார் என்பவரின் சூத்திரத் தொகுப்பைப் பெற்று, பெரும்பாலும் நிரூபணமின்றி அதில் அடுக்கப்பட்டிருந்த முடிவுகளைத் தாமே வருவித்தவர். கணித மேதைக்கு வாய்த்த பலன் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் அந்த அப்பியாசம் எவருக்கும் உரியது.

ஆகவே, வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி மாணவர்களே, பிளஸ் ஒன் கணிதத்தில் படித்த சங்கிலி விதியோடும் ஒரு சாதாரணக் கணினியோடும் 1986ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். 'டிரான்ஸ்பார்மர்' என்னும் வலையமைப்பு வகையை அறிமுகப்படுத்தி 2017இல் வெளிவந்த கட்டுரையைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.